எங்கள் ஊர் எல்லையில் குப்பைக் கிடங்கு வரப்போகிறதாம்: ஞாயிறு கூட்டத்தில் என்ன கேட்பது?

படுவான்கரையான் | வியாழன், இரவு 8.12

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சிற்றூர் எனது. ஊர்ப் பெயரையும் பிரதேச சபையின் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. யாரும் கேட்க வேண்டாம்.

எங்கள் வயல்வெளி முடிகிற இடத்தில், சிறு குளமொன்றுக்கு அருகே, ஏழெட்டு ஏக்கர் அரச காணி கிடக்கிறது. கோடையில் மாடு மேயும். மாரியில் தண்ணீர் நிற்கும். அதைத் திண்மக்கழிவு முகாமைத்துவ நிலையமாக்கப் போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மடத்தில் கூட்டம். அறிவித்தலில் "நவீன முறை", "சூழலுக்கு உகந்தது", "வேலைவாய்ப்பு" என்று மூன்று சொற்கள், வேறொன்றும் இல்லை.

ஊரில் பாதிப்பேர் வீதியை மறிப்போம் என்கிறார்கள். மீதிப்பேர், குப்பை லொறி வந்தால் வீதிக்குத் தாராவது போடுவார்கள் என்கிறார்கள். நானோ பாடசாலையில் கணிதம் கற்பிப்பவன், கொஞ்சம் வயலும் செய்கிறேன். கத்தத் தெரியாது, கேள்வி கேட்கத் தெரியும். ஆனால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. விடயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கல்லடிக்காரி | வியாழன், இரவு 8.40

ஐயா, முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். உங்கள் ஊருக்கு வரப்போவது எங்களைப் போன்ற நகரத்து வீடுகளின் குப்பைதான். நேற்று என் வீட்டு வாளியில் என்ன இருந்தது என்று எண்ணிப் பார்த்தேன்: மீன் செதிலும் குடலும், தேங்காய்த் துருவல் பிழிந்த சக்கை, பழைய சோறு, மரக்கறித் தோல், முட்டைக் கோது, சோறு சுற்றும் லஞ்ச் சீற் இரண்டு, ஒரு பால்மாப் பக்கெற், பிள்ளையின் நான்கு பம்பஸ். எல்லாம் ஒரே பையில். உழவு இயந்திரம் வந்தது, எறிந்தேன், கதவைச் சாத்தினேன். என் பொறுப்பு முடிந்தது!

அந்தப் பையில் முக்கால்வாசி உக்கக்கூடியது. அது தனியே போயிருந்தால் உங்கள் குளத்துக்கு என்ன பயம்?

சுருக்குவழி | வியாழன், இரவு 9.05

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது ஒரு தீக்குச்சி போதும். எங்கள் அப்பப்பா காலத்திலிருந்து வளவில் எரித்துத்தானே வந்தோம்?

நீர்ச்சோதனை | வியாழன், இரவு 10.31

சுருக்குவழி தம்பி, உங்கள் அப்பப்பா எரித்தது மாவிலையும் தென்னோலையும். நீங்கள் எரிக்கப்போவது பொலித்தீன், பிவிசி குழாய்த் துண்டு, றெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்), பழைய செருப்பு. குளோரின் கலந்த பிளாஸ்டிக் குறைந்த வெப்பத்தில் புகைந்தால் டயொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது கொழுப்பில் தங்கும். மாடு மேய்ந்தால் பாலுக்கு வரும். கழிவை எரிப்பதற்கென்று கட்டும் உலைகளில் புகைவாயுவைக் குறைந்தது 850 பாகை வெப்பத்தில் இரண்டு செக்கனாவது வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகும் புகையைக் கழுவி, வடிகட்டித்தான் வெளியே விடுவார்கள். கெரவலப்பிட்டியில் 2021 இல் தொடங்கிய 10 மெகாவாற்று மின்நிலையம் அந்த வகை. மேட்டில் தீ வைப்பது அந்த வகையில் சேராது. ஈரக் குப்பை எரியாது, புகையும். மேலே அணைந்தாலும் உள்ளே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

ஆசிரியர் ஐயாவுக்கு இனி. நான் ஆய்வுகூடத்தில் நீர் மாதிரிகள் பார்க்கிறவள். குப்பைமேடு என்றால் எல்லோரும் நாற்றத்தைப் பேசுகிறார்கள், ஈயைப் பேசுகிறார்கள். எனக்குப் பயம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றில்: கசிவுநீர்.

நீங்கள் கணித ஆசிரியர், ஆகவே கணக்காகவே சொல்கிறேன். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீற்றர். அதன் மேல் ஒரு மீற்றர் மழை பெய்தால் 4,047 கன மீற்றர், அதாவது 40 இலட்சம் லீற்றர் தண்ணீர். நம் பகுதியில் வருட மழை ஒரு மீற்றரை நன்றாகத் தாண்டும். அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான சில மாதங்களில் கொட்டுகிறது. அதில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி மேலால் வழிந்தோடும். மீதி குப்பைக்குள் இறங்கி, அழுகியதையெல்லாம் கரைத்துக்கொண்டு கறுப்புச் சாயமாக அடியில் வரும். அமோனியா இருக்கும், பற்றரி போட்டிருந்தால் ஈயமும் கட்மியமும் இருக்கும். குளத்தில் கலந்தால் தண்ணீரின் ஒட்சிசனை உறிஞ்சிவிடும். மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும்.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை மணல் நிலத்தில் இந்த நீர் தேநீர் வடியில் ஊற்றியதுபோல இறங்கிவிடும். உங்கள் பக்கம் களி மண் இருக்கலாம், அது நல்லது. ஆனால் களி எவ்வளவு ஆழம், நிலத்தடி நீர்மட்டம் மாரியில் எத்தனை அடிக்கு வருகிறது என்பதைத் தோண்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்: மண் பரிசோதனை செய்தீர்களா, எந்த மாதத்தில் செய்தீர்கள்? ஆவணியில் குழி தோண்டி "பத்தடிக்குத் தண்ணீர் இல்லை" என்று அறிக்கை எழுதுவது மிகச் சுலபம்.

படுவான்கரையான் | வெள்ளி, காலை 5.50

"எந்த மாதத்தில்" என்பதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அடியில் விரிப்புப் போடுவோம் என்று சொன்னால் என்ன கேட்பது?

நீர்ச்சோதனை | வெள்ளி, காலை 6.35

விரிப்பு நல்லதுதான். இறுக்கிய களிமண் படை, அதன்மேல் ஒன்றரை மில்லிமீற்றர் அளவு தடிப்பான பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கும் மேல் கல்லும் துளைக்குழாயும். கசிவுநீர் குழாய் வழியே தொட்டிக்குப் போய்ச் சுத்திகரிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு நாளும் கொட்டியதை இறுக்கி, ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் மண்ணால் மூட வேண்டும். மூடினால் ஈ இல்லை, காகம் இல்லை, நாற்றம் குறைவு, மழை இறங்குவதும் குறைவு.

இத்தனையும் படத்தில் இருக்கும். கேட்க வேண்டியது: தினமும் மூடும் மண் எங்கிருந்து வரும்? அதை ஏற்றும் இயந்திரத்துக்கு டீசல் எந்தக் கணக்கில்? தொட்டியின் பம்பி பழுதானால் யார் திருத்துவது?

அட்டாளைச்சேனை வயல் | வெள்ளி, காலை 7.20

அந்தத் தங்கச்சி கேட்ட டீசல் கேள்வியை இரண்டு தடவை கேளுங்கள், ஐயா. எங்கள் அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பை நிலத்தைத் தெரியாதவர் இல்லை. 2022 சனவரியில் உலகப் பத்திரிகைகளெல்லாம் அதன் படத்தைப் போட்டன: குப்பைக்கு நடுவே காட்டு யானைக் கூட்டம், தும்பிக்கையில் பொலித்தீன்.

அது யாரோ களவாகக் கொட்டிய இடமல்ல. 2008 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அமைத்தது. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே போனது. யானை வராமல் மின்வேலியும் இருந்தது. 2014 இல் அந்த வேலியில் இடி விழுந்தது. யாரும் திருத்தவில்லை. அவ்வளவுதான் நடந்தது, ஒரு வேலி பழுதானது, ஒருவரும் திருத்தவில்லை. பிறகு யானைகள் உள்ளே வந்தன. எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் செத்தன. வயிற்றை அறுத்துப் பார்த்த வனவிலங்கு வைத்தியர் கண்டது பொலித்தீன், உணவு சுற்றிய தாள், பிளாஸ்டிக், தண்ணீர். யானை தின்னுகிற சாதாரண தீன் ஒன்றும் உள்ளே இல்லை.

நாங்கள் வேளாண்மைக்காரர், யானையோடு எங்களுக்குப் பெரிய பாசம் கிடையாது. கதிர் முற்றும் காலத்தில் இரவெல்லாம் காவல் கிடக்கிறோம். ஆனால் குப்பைக்குப் பழகிய யானை காட்டுக்குத் திரும்புவதில்லை, ஊர் ஓரத்திலேயே குடியிருக்கும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். உங்கள் பக்கமும் யானை இறங்குகிற பக்கம்தானே? "வேலி போடுவோம்" என்றால், "பத்தாம் வருடம் வேலியை யார் பார்ப்பது" என்று கேளுங்கள்.

எழுவான் காற்று | வெள்ளி, காலை 9.02

எல்லாம் சரி, ஆனால் ஒன்றை யாரும் எழுதவில்லை. ஏன் எப்போதும் நம்முடைய ஊர்களின் எல்லையில்? மற்ற ஆட்கள் குப்பை போட, நாம் முகர வேண்டுமா?

மட்டுறுத்துநர் | வெள்ளி, காலை 9.47

இதன் கீழ் வந்த மூன்று பதில்களை நீக்கியிருக்கிறேன். எந்த ஊர்க் குப்பை எந்த ஊருக்குப் போகிறது என்பது நியாயமான கேள்வி, எழுதுங்கள். எந்தச் சமூகத்தின் குப்பை என்று தொடங்கினால் நீக்குவேன்.

அட்டாளைச்சேனை வயல் | வெள்ளி, காலை 10.10

நீக்கியதில் ஒன்று என்னுடையது. கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். பள்ளக்காட்டைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்களில் எங்கள் ஆட்களும் அடக்கம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

எழுவான் காற்று | வெள்ளி, காலை 10.31

காக்கா, நான் தொடங்கியதுதான். விடுங்கள். ஆனால் கேள்வி அப்படியேதான் இருக்கிறது: குப்பை உண்டாகும் இடத்திலிருந்து ஏன் குரல் குறைந்த ஊரைத் தேடிப் போகிறது? கொழும்புக் குப்பை புத்தளம் அறுவக்காட்டுக்கு 170 கிலோமீற்றர் போகவில்லையா?

கல்லடிக்காரி | வெள்ளி, பகல் 12.15

போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் கொழும்பே சாட்சி. மீதொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14, சித்திரை வருடப் பிறப்பு அன்று பிற்பகல் அங்கிருந்த குப்பை மேடு சரிந்தது. வீடுகள் புதைந்தன, 32 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் வந்து குடியேறியவர்கள் அல்ல. அவர்களுடைய வீட்டுக்குப் பக்கத்தில்தான் மேடு வந்து வளர்ந்தது.

ஆகவே "எங்கள் ஊரில் வேண்டாம்" என்று நிறுத்திவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நானும் நம்பவில்லை. உங்கள் ஊரில் மறித்தால், எங்கோ ஒரு பாலத்தடியில், கண்டல் ஓரத்தில் இரவோடிரவாகக் கொட்டுவார்கள். எங்கள் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்து வாவிக்குள் பையை எறிந்துவிட்டுப் போகிறவர்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன். நன்றாக உடுத்தியவர்கள்.

அந்தப் பைகளில் பெரும்பாலும் என்ன இருக்கும் தெரியுமா? பம்பஸும் பெண்களின் துவாய்களும். அதைக் குப்பை லொறியில் போட வெட்கம், வளவில் எரிக்கப் பயம், கிணற்றடியில் புதைக்க மனமில்லை. கூட்டத்தில் ஆண்கள்தான் பேசுவார்கள், இதை ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஐயா, உங்கள் வீட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நெல்லாலை | வெள்ளி, பிற்பகல் 2.30

சம்மாந்துறையிலிருந்து எழுதுகிறேன். வீட்டு வாளியைக் கிளறியது போதும், எங்கள் வாளியையும் கொஞ்சம் பாருங்கள். எனக்கு அரிசி ஆலை இருக்கிறது, சிறியதுதான். அம்பாறை மாவட்டத்தில் கைத்தொழில் கழிவு என்றால் புகைக்கூண்டு வைத்த பெரிய தொழிற்சாலையைத் தேடாதீர்கள், எங்களைத் தேடுங்கள்.

ஒரு தொன் நெல் குற்றினால் ஏறத்தாழ 200 கிலோ உமி. உமியைக் கொதிகலனில் எரிக்கிறோம், அது நல்ல விறகு. எரித்த பிறகு அதில் ஐந்திலொன்று, 40 கிலோ, சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. உக்காது, எரியாது, கச்சானில் பறக்கும். கொடியில் காயும் வேட்டியைத் தொட்டால் கை கறுக்கும். பக்கத்து வீட்டு மாமி என்னோடு கதைப்பதை நிறுத்தி இரண்டு வருடம். கொஞ்சம் செங்கல் சூளைக்காரர் எடுப்பார்கள். மிச்சம்? பள்ளம் நிரப்ப, வீதியோரம், இல்லாவிட்டால் குப்பை நிலத்துக்கு.

அதைவிட மோசம் புழுங்கல் தண்ணீர். ஒரு தொன் நெல் ஊற ஆயிரம் லீற்றருக்கு மேல் வேண்டும். ஊறி இறக்கும் தண்ணீரில் மாவும் சீனியும் கரைந்திருக்கும். ஒரு நாள் தேங்கினால் செத்த எலி நாற்றம். அது வாய்க்கால் வழியே எங்கே போகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டாலும் எழுதத்தான் வேண்டும்: பல வருடம் வாய்க்காலுக்குத்தான் விட்டேன். பிறகு சுற்றாடல் பாதுகாப்பு உரிமப்பத்திரம் புதுப்பிக்க முடியாமல் போனபோதுதான் தொட்டி கட்டினேன். மனச்சாட்சி அல்ல, உரிமப்பத்திரம்.

அதனால் ஐயா, இதைக் கேளுங்கள்: உங்கள் காணிக்கு வீட்டுக் குப்பை மட்டும் வருமா, ஆலைச் சாம்பலும் வருமா, கோழிக்கடைக் கழிவும் வருமா, வைத்தியசாலைக் கழிவும் வருமா? எழுத்தில் கேளுங்கள்.

மருதமுனைத் தறி | வெள்ளி, பிற்பகல் 3.48

நெல்லாலைக் காக்கா உண்மையை எழுதியதால் எனக்கும் தைரியம். எங்கள் வாப்பா காலத்தில் நூலுக்குச் சாயம் போட்ட தண்ணீரை முற்றத்து மணலில்தான் ஊற்றுவோம். மணல் குடித்துவிடும், ஊற்றிய இடம் தெரியாது. ஒரு நாள் மச்சான் வீட்டுக் கிணற்றில் வாளியை இழுத்தால் தண்ணீர் இளநீலம். ராத்தா சிரித்தாள், கலியாண வீட்டுச் சர்பத் என்று. அதன் பிறகு அந்தக் கிணற்றில் ஒருவரும் குடிக்கவில்லை. ஒரு கைத்தறி வீட்டின் சாயமே இப்படி இறங்கும் என்றால் ஏழெட்டு ஏக்கர்க் குப்பை எப்படி இறங்கும்?

பழைய இரும்பு | வெள்ளி, இரவு 7.55

நான் படித்தவன் இல்லை, மகள் தட்டித் தருகிறாள். இருபது வருடமாகச் சைக்கிளிலும் இப்போது லான்ட்மாஸ்ரர் கை உழவு இயந்திரத்திலும் இரும்பு, போத்தல், மட்டை வாங்குகிறேன்.

எனக்கு எது காசு என்று சொல்கிறேன், அப்போது எது குப்பை என்று உங்களுக்கே விளங்கும். செம்பு, பித்தளை, அலுமினியம், இரும்பு: வீட்டுக்காரரே சேர்த்து வைப்பார்கள். தண்ணீர்ப் போத்தல், மட்டைப் பெட்டி: விலை குறைவு, ஆனால் போகும். மீன் தண்ணீர் பட்ட மட்டையை ஒருவரும் வாங்கார். பால்மா, சம்பூ, பிஸ்கட் சுற்றுகிற மினுங்கும் பக்கெற்: உள்ளே மூன்று நான்கு படை ஒட்டியிருக்கும், பிரிக்கேலாது, யாருக்கும் வேண்டாம். லஞ்ச் சீற், றெஜிபோம் பெட்டி: சல்லிக்கு உதவாது. 2017 இல் தடை என்றார்கள். கொஞ்சக் காலம் குறைந்தது, பிறகு வேறு பெயரில் வந்தது.

பற்றரியைப் பற்றியும் ஒன்று. வாகனப் பற்றரியின் ஈயத்துக்கு நல்ல விலை. முன்பு அசிட்டை வடிகானில் ஊற்றிவிட்டு வாங்குவார்கள், நிறை குறையட்டும் என்று. நானும் ஊற்றியிருக்கிறேன். இப்போது நிறுத்திவிட்டேன், கையில் புண் வந்துதான் நிறுத்தினேன்.

அந்த நிலையம் வந்தால் எங்களைப் போன்றவர்களை உள்ளே விடுவார்களா என்று கேளுங்கள் சேர். பத்துப் பேர் பிரித்தெடுத்தால் லொறியில் பாதி குறையும். குத்தகைக்காரன் ஒருவனிடம் கொடுத்துப் படலையைப் பூட்டினால், எல்லாம் கிடங்குக்குள்தான் போகும்.

சுருக்குவழி | வெள்ளி, இரவு 8.20

நான் எரிப்பதைப் பற்றி எழுதியதை மீளப் பெறுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். கிடங்கில் போட்டு மூடினால் உள்ளே காற்றில்லாமல் அழுகி எரிவாயு வரும் என்கிறார்களே, அதை அடுப்புக்கு எடுக்க முடியாதா?

நீர்ச்சோதனை | வெள்ளி, இரவு 9.12

வரும். பாதியளவு மெதேன், மீதி பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. காற்றில் 5 முதல் 15 வீதம் மெதேன் கலந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். வெளியே விட்டால் நூறு வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட இருபத்தெட்டு மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். பெரிய நகரங்களில் குழாய் இறக்கி எடுக்கிறார்கள். ஒரு பிரதேச சபையின் மேட்டில் அது கட்டுப்படியாகாது. கல்லடிக்காரி அக்கா சொன்ன வாளிக்குத்தான் திரும்ப வேண்டும்: மீன் குடலும் சோறும் கிடங்குக்கே போகாவிட்டால் மெதேனும் மிகக் குறைவு, கறுப்புத் தண்ணீரும் அரைவாசி இல்லை. அவற்றைப் பசளையாக்கலாம். ஆனால் தனித்தனியே பிரித்துத் தந்ததை ஒரே பெட்டியில் கொட்டிக் கலக்குவதைக் கண்ட அன்றே சனம் பிரிப்பதை நிறுத்திவிடும்.

கல்லடிக்காரி | வெள்ளி, இரவு 9.30

நான் நிறுத்தியது அப்படித்தான்.

கந்தோர்க்காரன் | சனி, காலை 6.15

அரச சேவையில் இருப்பவன், அதனால் பெயரும் இல்லை, படமும் இல்லை. ஐயாவுக்கு மூன்று விடயங்கள்.

நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேல் கொள்ளும் திண்மக்கழிவு நிலையம் என்றால் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் மதிப்பீட்டு அனுமதி வேண்டும். நம் பக்கத்துச் சபை எதுவும் தனியே அவ்வளவு சேர்க்காது. ஆகவே "சட்டப்படி தேவையில்லை" என்ற பதில் வரலாம். அப்போது இரண்டாவதைக் கேளுங்கள்: காணி குளத்தின் ஒதுக்குக்குள், அதாவது குளத்தைச் சுற்றி விட்டுவைத்த நிலத்துக்குள், விழுகிறதா? விழுந்தால் கதை வேறு, அளவு சிறிது என்று தப்ப முடியாது. நில அளவை வரைபடத்தைக் கொண்டு வரச் சொல்லுங்கள். வாய்ச் சொல்லை ஏற்க வேண்டாம்.

மூன்றாவது, கூட்டத்தில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். மண் பரிசோதனை அறிக்கை, மதிப்பீட்டுச் செலவு, பராமரிப்புக்கான வருட ஒதுக்கீடு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். கட்டிடத்துக்குப் பணம் எங்கிருந்தாவது வரும், கல்லும் நடுவார்கள். பராமரிப்பு ஒதுக்கீடு என்ற வரியில்தான் பெரும்பாலும் கோடு போட்டிருக்கும்.

படுவான்கரையான் | சனி, இரவு 7.40

கொப்பியில் பதினொரு கேள்வி சேர்ந்துவிட்டது. ஆறாகச் சுருக்கினேன். மனைவியும் வருகிறாள், பம்பஸ் கேள்வி அவளுடையது.

நீர்ச்சோதனை | சனி, இரவு 8.05

ஏழாவதாக ஒன்று, இது அவர்களிடம் கேட்க அல்ல, நீங்கள் செய்ய. குப்பை வருவதற்கு முன்பே உங்கள் கிணறுகளைச் சோதித்து வையுங்கள். வாவிக்கரை ஊர்களில் கோடையில் கிணறு எப்படியும் உவர்க்கும். பிறகு "எங்கள் கிணறு கெட்டுவிட்டது" என்றால், "அது வாவி உப்பு" என்று சொல்லிவிடுவார்கள். உப்பை மட்டும் பார்க்காமல் அமோனியா, நைத்திரேற்று, ஈயம், மின்கடத்துதிறன் எல்லாவற்றையும் பாருங்கள். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் குழந்தைக்குப் பால் கரைக்கக் கூடாது. இன்றைய எண்கள் கையில் இருந்தால்தான் நாளை வழக்கு நிற்கும்.

படுவான்கரையான் | ஞாயிறு, மாலை 5.25

கூட்டம் முடிந்து, வயலுக்குப் போய்த் தண்ணீர் கட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.

எண்பது பேரளவில் வந்திருந்தார்கள். அதிகாரிகள் நால்வர். திரையில் படம் காட்டினார்கள். படத்தில் புல்லும் பூவும் இருந்தன, குப்பையைக் காணவில்லை. மண் பரிசோதனை எப்போது என்று கேட்டேன். புரட்டாதி என்றார்கள். மடத்தில் சிரிப்பு எழுந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பதில் சொன்ன இளைஞர் நல்ல பிள்ளை, அவரை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். பராமரிப்பு ஒதுக்கீடு "அடுத்த பாதீட்டில்" என்றார்கள். ஆலைச் சாம்பலும் கோழிக் கழிவும் வராது என்றார்கள். எழுதித் தரச் சொன்னதும், மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். மனைவி எழுந்து தன் கேள்வியைக் கேட்டபோது ஆண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பின்னால் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். அதற்குப் பதில் இல்லை, ஆனால் ஓர் அதிகாரி குறித்துக்கொண்டார்.

கூட்டத்தைத் திருப்பியது என் கேள்வி ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் எண்பது தாண்டிய ஓர் ஆச்சி இருக்கிறார். படத்தில் அந்தக் காணியைக் காட்டியதும் எழுந்து, "இதற்கு மேலால்தான் 2011 தை வெள்ளத்தில் என்னைத் தோணியில் ஏற்றிப் பாடசாலைக்குக் கொண்டுபோனார்கள். தோணிக்காரன் தடி ஊன்றினான், தடி முழுக்கத் தாண்டது" என்றார். தடி எவ்வளவு நீளம் என்று அந்த இளைஞர் கேட்டார். ஆச்சி திரும்பித் தோணிக்காரரையே காட்டினார்; அவர் மூன்றாவது வரிசையில் இருந்தார். பத்தடித் தடி.

வேறு காணியும் பார்க்கிறோம், மாரியில் மறுபடி மண் பார்க்கிறோம் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. நாளை தகவல் கோரிக்கையைக் கையளிப்பேன். வேறு காணி என்றால் வேறு ஊர். எந்த ஊர் என்று தெரிந்தால் அங்கேயும் இந்தக் கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று மடத்திலேயே சொல்லிவிட்டேன்; எங்கள் ஆட்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

நீர்ச்சோதனைத் தங்கச்சிக்கு ஒரு கேள்வி: ஐந்து கிணறு தெரிவு செய்திருக்கிறோம். மாதிரியைச் சோடாப் போத்தலில் எடுக்கலாமா?

நீர்ச்சோதனை | ஞாயிறு, மாலை 6.02

வேண்டாம் ஐயா, ஆய்வுகூடத்தில் போத்தல் தருவார்கள். ஈயத்துக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று, கிணறு ஒன்றுக்கு இரண்டு. காலையில் எடுத்து, ஐஸ் போட்ட பெட்டியில் அன்றே கொண்டு வந்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் கிணற்றின் ஆழமும் அன்றைய நீர்மட்டமும் எழுதியிருக்க வேண்டும். நீர்மட்டம் அளக்க அந்தத் தோணிக்காரரையும் கூட்டிப் போங்கள்.

பழைய இரும்பு | ஞாயிறு, மாலை 6.40

ஐஸ் பெட்டி என்னிடம் இருக்கிறது சேர். மீன்காரரிடம் வாங்கியது, மூடி மட்டும் கொஞ்சம் உடைவு. கழுவித் தருகிறேன்.